ஏறுன கியர்லயே எறங்கோணும்

போன வருஷம் ஜனவரி முதல் வாரம். ராத்திரி பதினொரு மணிக்கு மகளின் போனைச் சார்ஜில் போட எடுத்தேன். வேவு பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. திரையில் ஒரு வீடியோ பாதியில் நின்றிருந்தது. தொட்டேன். ஒரு காரின் பின்சீட்டிலிருந்து எடுத்தது. எமிரேட்ஸ் ரோடு, இருட்டு, பாட்டுச் சத்தம். கேமரா மெல்ல முன்னால் நகர்ந்து ஸ்பீடோமீட்டரைக் காட்டுகிறது: 190. உள்ளே எல்லாரும் கத்துகிறார்கள். அதில் ஒரு சிரிப்பு என் மகளுடையது.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஓட்டியது தோழியின் அண்ணன், லைசென்ஸ் வாங்கி நாலே மாதம் ஆன பையன்.

நான் ஷார்ஜாவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டி கிளெய்ம் பார்க்கிறவள். பதினாலு வருஷமாக நசுங்கின கார்களின் போட்டோவைப் பார்த்துக்கொண்டேதான் காலைக் காபி குடிக்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற அடி நாலு மடங்காகும். 100-ல் போகிற வண்டியோடு ஒப்பிட்டால் 190-ல் போகிற வண்டிக்குள் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இருக்கிறது. எதிரில் ஒரு லாரி லேன் மாறினால் அத்தனையும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அது எங்கே போகும் என்பதற்கு என்னிடம் ஃபைல் ஃபைலாகப் படங்கள் இருக்கின்றன.

மறுநாள் கத்தினேன். அவள் அழுதாள். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நாலாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்று ஆங்கிலத்திலேயே சொன்னாள்: தப்புதான், இனிமேல் அந்தக் காரில் ஏறமாட்டேன், ஆனால் அந்த அஞ்சு நிமிஷம் எனக்குப் பிடிச்சிருந்தது, இல்லைன்னு பொய் சொல்லவா?

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஷட்டருக்கு வெளியே

என் அப்பா கோயமுத்தூர் பீளமேட்டில் லேத் ஓட்டினவர். 1982-ல் ஷார்ஜா வந்து இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேரேஜில் இன்ஜின் வேலைக்குச் சேர்ந்தார். 1988-ல் அம்மாவும் நானும் தம்பியும் வந்தோம். எனக்கு நாலு வயது. லீவு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போவோம். தம்பியை உள்ளே கூப்பிட்டு ஸ்பானரைக் கையில் கொடுப்பார். நான் ஷட்டருக்கு வெளியே நிற்க வேண்டும். "பொம்பளைப் புள்ளைக்குக் கிரீஸ் எதுக்கு?" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், பிரியமாகத்தான் சொல்வார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியாமல் போனது.

தம்பிக்கு இதில் துளியும் ஆசையில்லை. அவன் இப்போது டொரொண்டோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். வெளியே நின்ற நான்தான் சத்தத்தை வைத்தே உள்ளே ஓடுவது எத்தனை சிலிண்டர் இன்ஜின் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பிறகு படித்து, கல்யாணமாகி, கிளெய்ம் ஆபீசில் சேர்ந்தேன். கார்களுக்குப் பக்கத்தில் போக எனக்குக் கிடைத்த வழி அதுதான்.

அதே ஜனவரியில்தான் நடிகர் அஜித்குமார் சொந்த அணியோடு துபாய் ஆட்டோட்ரோமின் 24 மணி நேர ரேஸுக்கு வந்தார். நீங்களும் போயிருப்பீர்கள். அமீரகத்துத் தமிழ்க் கூட்டம் மொத்தமும் அன்றைக்கு அங்கேதான் இருந்தது. ரேஸுக்கு முந்தைய பயிற்சியில் அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றதும், அவர் தானாகவே இறங்கி நடந்ததும் எல்லார் போனிலும் ஓடியது. அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. என் மகளும் தோழிகளும் தொண்டை கட்டும் வரை கத்தினார்கள். நடிகரைப் பார்க்க வந்த கூட்டத்தில், பிட்டில் டயர் மாற்றுகிற மெக்கானிக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றவர் எங்கப்பா.

திரும்பும்போது காரில் அப்பா பழைய கதையை எடுத்தார். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ரேஸ் விடுவார்கள். கோவையிலிருந்து லாரி ஏறிப் போய்ப் பார்த்தாராம். கோவைக்காரர் கரிவரதன் அங்கே ஓட்டினதையும், பின்னாளில் அவர் மாருதி 800 இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' கார்களைச் செய்ததையும் சொன்னார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான் என்பதை அப்பா சொல்லாமல் விடமாட்டார்.

"எண்ணூறு சிசி இன்ஜின்ல ரேஸ் காரா?" என்று மகள் கேட்டாள்.

"இன்ஜின் சின்னதா இருந்தா என்ன கண்ணு? வண்டி எடை கம்மியா இருந்தாப் போதும், பறக்கும்."

அன்றிரவு என் கணவர் சொன்னார்: "ஒளிச்சு வச்சா அவ தேடிப் போவா. நீயே கூட்டிட்டுப் போயேன்." கார் என்றால் ஏசி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கிற மனிதர் அவர்.

ஒரு பழைய ஸ்விஃப்ட்

பிப்ரவரியில் 2014 மாடல் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை வாங்கினோம். மேனுவல் கியர். ஊருக்கு வீடியோ காலில் காட்டியபோது என் மாமியார், "துபாயில இருந்துட்டு கால் டாக்ஸியா வாங்கினீங்க?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இது 1.6 லிட்டர், 136 குதிரைத் திறன், எடை சுமார் 1,050 கிலோதான்.

ஹாட்ச்பேக்கை ஏன் எடுக்கிறார்கள் என்பது இந்த எடையில் இருக்கிறது. 1976-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்த நாளிலிருந்து உலகம் முழுக்க இதே கணக்குதான்: குடும்பக் காரின் சின்ன உடம்பு, கொஞ்சம் நல்ல இன்ஜின், கொஞ்சம் நல்ல சஸ்பென்ஷன். டயரும் பிரேக் பேடும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். வேகம் குறைவாக இருக்கும்போதே ஓட்டுகிறவர் செய்யும் தப்பைக் காட்டிக்கொடுக்கும். ஐந்நூறு குதிரை வண்டி தப்பை மறைத்து வைத்திருந்து மொத்தமாக ஒரு நாள் காட்டும்.

மகளிடம் மூன்று நிபந்தனை போட்டேன். வேறு யாருடைய வேகமான காரிலும் ஏறக் கூடாது. இந்த வண்டியில் நடக்கிற ஒவ்வொரு வேலையிலும் அவள் கை இருக்க வேண்டும். வண்டி எப்படி நிற்கிறது என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் எப்படி ஓடுகிறது என்ற பேச்சு.

அப்பா முதலில் மறுத்தார். "எழுபத்தொன்னு ஆச்சு, கண்ணும் போச்சு, காதும் போச்சு." இரண்டு நாள் கழித்து அவரே பழைய கேரேஜ் முதலாளியிடம் பேசி வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரு மூலையும் சாவியும் வாங்கிவிட்டார். ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்கு லீவு. இது எங்களுக்கு வசதியாகப் போனது.

முதல் வெள்ளிக்கிழமை அப்பா ஷட்டரைத் தூக்கினார். மகள் உள்ளே ஓடினாள். நான் பழக்க தோஷத்தில் வெளியிலேயே நின்றுவிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீயும் உள்ள வா சாமி, வெளிய வெயிலு" என்றார். பிப்ரவரி மாசம், காலை எட்டு மணி. வெயிலே இல்லை.

மொதல்ல நிறுத்து

நாங்கள் இருவரும் எதிர்பார்த்தது இன்ஜின் வேலை. அப்பா இன்ஜின் பக்கமே போகவில்லை. கம்ப்ரெஷன் பார்த்தார், ஆயில் மாற்றினார், பானெட்டை மூடிவிட்டார். "மொதல்ல நிறுத்து. அப்புறம் திருப்பு. கடைசியாத்தான் ஓட்டு." அதுதான் அவருடைய பாடத்திட்டம்.

நிறுத்துவது என்றால் பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஆயில். காரின் வேகத்தைப் பிரேக் சூடாக மாற்றுகிறது. சூட்டைத் தாங்காத பேட் ஒரு கட்டத்தில் வழுக்க ஆரம்பிக்கும். அதனால் பேடுகளை டிராக்குக்கு ஏற்ற வகைக்கு மாற்றினோம்.

திருப்புவது என்றால் டயர், வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் புஷ். முன்சக்கர வண்டியில் முன் டயருக்கு மூன்று வேலை: இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக்கின் பெரும் பங்கையும் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் எதையும் செய்யாது, நேராகப் போய்விடும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடி, பிறகு திருப்பு, வண்டி நிமிர்ந்த பிறகு ஆக்ஸிலேட்டரைக் கொடு என்பதெல்லாம் இதனால்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தை வாசிக்கவும் அவள் கற்றுக்கொண்டாள். 2223 என்றால் 2023-ன் இருபத்திரண்டாவது வாரத்தில் செய்தது. இந்த வெயிலில் ரப்பர் சீக்கிரம் கிழடாகிவிடும். நம் வீட்டுக் காரிலும் இதைப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை என்பதை ஆபீசில் தினமும் காண்கிறேன்.

எடை குறைப்பதற்கு நாங்கள் செலவழித்தது பூஜ்யம். டிராக்குக்குப் போன இடத்தில் ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, பின்சீட் எல்லாவற்றையும் கழற்றி என் கணவரின் காரில் ஏற்றுவோம். ஐம்பது கிலோ குறைந்தால், இருக்கிற இன்ஜினுக்கு ஆறேழு குதிரை சேர்த்த கணக்கு. வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாம் திரும்பப் பூட்டப்படும். இதில் விளையாடக் கூடாது: அமீரகத்தில் அனுமதியில்லாமல் இன்ஜினையோ சேசியையோ மாற்றினால் 1,000 திர்ஹாம் அபராதம், 12 கரும்புள்ளி, வண்டி 30 நாள் பறிமுதல்.

இன்ஜின் டியூனிங் பற்றி மகள் விடாமல் கேட்டாள். கம்ப்யூட்டரில் நாலு எண்ணை மாற்றினால் போதும் என்று இணையம் அவளுக்குச் சொல்லியிருந்தது. டர்போ இல்லாத இன்ஜினில் அப்படிக் கிடைப்பது சொற்பம் என்று அப்பா விளக்கினார். இன்ஜின் இழுக்கிற காற்றுக்கு ஏற்பத்தான் பெட்ரோல் எரியும். 15 டிகிரியில் இருக்கிற காற்றைவிட 45 டிகிரிக் காற்று ஒன்பது சதவீதம் லேசானது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் இன்னொரு பத்து சதவீதம் போய்விடும். அதாவது நம் ஊர் வெயிலிலும் மலையிலும் காகிதத்தில் இருக்கிற 136 குதிரையில் பல குதிரைகள் வேலைக்கே வருவதில்லை. புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்: சுத்தமான ஃபில்டர், நல்ல ஆயில், ஒழுங்கான ரேடியேட்டர், சூப்பர் 98 பெட்ரோல். அவ்வளவுதான் எங்கள் டியூனிங்.

மறை கழண்ட தமிழ்

ஒன்றை நான் திட்டமிடவே இல்லை. என் மகளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். வாரக்கடைசித் தமிழ் வகுப்பு, கதைப்புத்தகம், திட்டு, கெஞ்சல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கோ கேரேஜ் ஆங்கிலத்தைத் தாண்டி வராது. காருக்கு அடியில் இருவரும் படுத்திருக்கும்போது வேறு வழியில்லை.

"அந்தத் திருப்புளியை எடு. அதில்ல, நட்சத்திரத் திருப்புளி." "அரம் எங்க?" "போல்ட்டுல மறை தேஞ்சு போச்சு பாரு, விரல்ல தடவிப் பாரு." அவள் போனில் குறித்துக்கொள்வாள். ஒருநாள் காருக்கு அடியிலிருந்து பெரிய சிரிப்பு. சினிமாவில் கேட்ட 'மறை கழண்ட கேசு' என்பது இந்த மறைதான் என்று அன்றைக்குத்தான் புரிந்ததாம். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லாரும் மறை கழண்டவர்கள். ஏப்ரலுக்குள் அவள் என்னோடு சண்டை போடுவதுகூடத் தமிழில், அதிலும் கொங்குத் தமிழில் என்று ஆகிவிட்டது.

இன்னொரு வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பா சக்கரத்தைப் பூட்டினார். ஐந்து நட்டு. நாற்பது வருஷம் கையாலேயே இறுக்கியவர், டார்க் ரெஞ்சை ஏளனமாகப் பார்ப்பார். மகள் கையேட்டில் இருந்த அளவை வைத்துச் சரிபார்த்தாள். மூன்று நட்டு உடனே 'க்ளிக்' என்றது. இரண்டு, கால் சுற்றுப் போன பிறகுதான் க்ளிக்.

யாரும் பேசவில்லை. அப்பா தன் கையை விரித்துப் பார்த்தார். "கைக்கு வயசாயிடுச்சு கண்ணு. இனிமே நீ பாத்துச் சொல்லு." அன்றிலிருந்து கடைசி க்ளிக் அவளுடையது.

என் தப்பு

ஏப்ரல் கடைசி வாரம் முதல் டிராக் டே. 2004-ல் பஹ்ரைனிலும் கத்தாரின் லுசைலிலும் துபாயிலும், 2009-ல் அபுதாபி யாஸ் மரினாவிலும் சர்க்யூட்கள் திறந்தபோது இவை பெரிய ரேஸுகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நம்மைப் போன்றவர்களும் பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, விதிகளைக் கேட்டுக்கொண்டு சொந்தக் காரை ஓட்டும் நாட்கள் உண்டு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல பருவம். நாங்கள் போனது அதன் விளிம்பில்.

நான் ஓட்டினேன். மகள் பிட்டில் ஒரு நோட்டும் பிரஷர் கேஜுமாக இருந்தாள். காலையில் டயரில் 28 வைத்தோம். சுற்றி வந்ததும் 35. அவள் எழுதினாள், குறைத்தாள், மறுபடி எழுதினாள். நாற்பத்தொரு வயதில் நான் முதல் முறையாக ஒரு வளைவை முழுசாக எடுத்தபோது ஹெல்மெட்டுக்குள் எனக்கு அழுகை வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை.

மூன்றாவது சுற்று ஓட்டத்தில், நேர்ச்சாலை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போய்விட்டது.

பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தேன், கியரைக் குறைத்தேன், டிராக்குக்கு வெளியே இருந்த அகலமான இடத்தில் வண்டி எப்படியோ நின்றது. சுற்றிலும் ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை' என்பதற்காகத்தான் அங்கே பணம் கட்டுகிறோம். எமிரேட்ஸ் ரோட்டில் அந்த இடத்தில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கும்.

காரணம் எளிமையானது, முழுக்க என்னுடையது. பேட் மாற்றின அன்றே பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லியிருந்தார் அப்பா. வண்டியை விற்றவர் போன வருஷம்தான் மாற்றினேன் என்றார், டிராக் டேக்கு நாள் நெருங்கிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரைப் புழுக்கம் அதற்குத் தீனி. டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி போதும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி வெறுமனே நசுங்கும். கால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இழுத்துக்கொண்டு பிட்டுக்கு வந்தேன். மகள் முகம் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "இப்ப நான் கத்தட்டுமா?"

கத்து என்றேன். அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அந்த வீடியோவைப் பார்த்த இரவு என் கை எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பெடலை மிதிக்க, அவள் சக்கரத்தருகே நிப்பிளைத் திறக்க, பழைய ஆயில் கட்டன் சாயா நிறத்தில் வெளியே வந்தது. அப்பா திட்டவில்லை. "எல்லாத்துலயும் அவசரம் இருக்கும். பிரேக்குல மட்டும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மலை

ஹில் க்ளைம்ப் என்ற போட்டி ரேஸ் டிராக்குகளைவிட மூத்தது. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷில் 1905-லிருந்தும், அமெரிக்காவின் பைக்ஸ் பீக்கில் 1916-லிருந்தும் நடக்கிறது. பைக்ஸ் பீக்கில் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 156 வளைவு. சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்துக்கு எதிராக ஏறுவார்கள். மூடின சாலை என்பது இங்கே முக்கியம். அல் ஐனின் ஜெபல் ஹஃபீத்தில் 11.7 கிலோமீட்டரில் 60 வளைவு. ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ், 1,934 மீட்டர் உயரத்தோடு நாட்டிலேயே பெரிய மலை. சைக்கிள் பந்தயமான யுஏஇ டூர் இரண்டிலும் ஏறியிருக்கிறது, அப்போது சாலையை மூடினார்கள். மற்ற நாளில் அவை பிக்னிக் குடும்பங்கள் போகிற பொதுச் சாலை. அங்கே நாங்கள் ஏறியதெல்லாம் பலகையில் போட்ட வேகத்துக்குள்தான்.

அப்பாவுக்கு மலை என்றால் ஏற்றம் கணக்கே இல்லை, இறக்கம்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. இளவட்டத்தில் லாரியில் கிளீனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர். "ஏறுறப்ப எந்தக் கியரோ, எறங்குறப்பவும் அதே கியர். ஏறுன கியர்லயே எறங்கோணும். பிரேக்கையே நம்பி எறங்குனா பாதி மலையில தீஞ்ச வாசம் வரும்." இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் குளிர்ந்தே இருக்கும். என் காலுக்குக் கீழே ஆயில் கொதித்த பிறகு அந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை வந்தது.

அக்டோபரில் அப்பா ஊருக்கே போய்விட்டார். நாற்பத்து மூன்று வருஷம். நாங்கள் இருக்கச் சொன்னோம், என் கணவரும் "இங்கயே இருங்க மாமா" என்றார். "இங்க வந்தவங்க எல்லாரும் ஒருநாள் எறங்கோணும் மாப்பிள்ளை. கையும் காலும் நல்லா இருக்கறப்பவே எறங்குனா நல்லது." வளைகுடாவில் வளர்ந்த எங்களுக்கு இது புதிய செய்தியல்ல. விசா நம்மைத் தாங்கும் வரைதான் இந்த ஊர். நாளைக்கு நாங்கள் போனாலும் ஸ்விஃப்டைக் கொண்டு போக முடியாது, இடதுபக்க ஸ்டியரிங் வண்டிக்கு இந்தியாவில் இடமில்லை. ஆனால் மறை, அரம், திருப்புளியெல்லாம் எங்கே போனாலும் கூட வரும். கிளம்புகிற அன்று தன் டூல் பாக்ஸை மகளிடம் கொடுத்தார். பழைய ரிங் ஸ்பானர் செட்டை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இது உனக்கு. அப்பவே குடுத்திருக்கோணும்."

உங்கள் வீட்டில் பதினாறு, பதினேழு இருந்தால்

2025 மார்ச் 29 முதல் அமீரகத்தில் பதினேழு வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம். நம் பிள்ளைகள் நாம் நினைத்ததற்கு ஒரு வருஷம் முன்பே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் ரேஸ் கார் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. இருக்கிற காரிலேயே டயர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை காற்றை அவர்களே பார்க்கட்டும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றி, அந்த நிறத்தைக் காட்டுங்கள். ஒரு சர்க்யூட்டுக்குக் கூட்டிப் போங்கள். யாஸ் மரினாவில் சில மாலைகளில் நடக்கவும் சைக்கிள் விடவும் திறந்து விடுகிறார்கள், காலால் நடந்தால் ஒரு வளைவு எவ்வளவு நீளம் என்று தெரியும். டிராக் டே போவதானால் பாலிசியைப் படியுங்கள். நம் சாதாரண வாகன இன்ஷூரன்ஸ் பொதுவாக டிராக்கில் ஆகும் சேதத்தை ஏற்காது. கிளெய்ம் ஃபைலை மூடுகிறவள் சொல்கிறேன்.

முக்கியமாக, 'உனக்கு வேகம் பிடிக்குமா?' என்று கேளுங்கள். பிடிக்கும் என்று சொன்னால் கத்தாதீர்கள். நான் கத்தினேன், மூன்று நாள் வீணானது.

நவம்பரில் மகளுக்கு லைசென்ஸ் வந்தது. டிசம்பரில் ஒரு காலை ஜெபல் ஜைஸுக்குப் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். மேலே டீ குடித்தோம், குளிர் நன்றாகவே இருந்தது. இறங்கும்போது பின்னால் ஒரு பெரிய வண்டி லைட் அடித்து அவசரப்படுத்தியது. அவள் கண்ணாடியில் பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள், தன் வேகத்திலேயே இறங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் வளைவுக்கு முன்பே அவள் கை கியருக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பீளமேட்டுக்கு வீடியோ கால். அப்பா எடுத்தவுடன் மலை எப்படி, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

"பிரேக் வாசம் அடிச்சுதா?"

"இல்ல அப்புச்சி. ஏறுன கியர்லயே எறங்கினேன்."

"நட்டு பாத்தியா?"

"பாத்தேன். அஞ்சும் க்ளிக்."

"சரி. சாப்பிட்டியா கண்ணு?"